சுரைக்காய்க்கு அடித்த நீலம்

ஏனுங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு சொல்லுக்குத்தான் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். கோபத்தில் கூப்பிட்டாலும் இதுதான், காபிக்குக் கூப்பிட்டாலும் இதுதான். இந்த மடலுக்கும் அதுவே இருக்கட்டும்.

நாமக்கல் முழுக்கப் பெயிண்ட் வாசனை. ஆயுத பூசை நெருங்கிவிட்டது. நம் தெரு முனையிலிருக்கும் லாரிப் பட்டறையில் வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் எனாமல் வாடை எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. இன்று காலை அந்த வாடையோடுதான் உங்கள் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் புருசன் செத்தால் பெண்டாட்டிக்கு நகை இருக்கும், நிலம் இருக்கும். எனக்கு வெடிக்காத தோட்டாவும் குண்டும் துடைக்கக் கிடைத்திருக்கிறது என்று திட்டிக்கொண்டேதான் துடைத்தேன். அதில் மாற்றமொன்றும் இல்லை. அப்போது போன் அடித்தது.

முருகேசன். வடக்கே லோடு ஓட்டுகிற டிரைவர். நம் கடைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வந்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று உங்களிடம் குண்டுக் கதை கேட்டுக்கொண்டு நேரம் போவது தெரியாமல் இருப்பானே, அவன்தான். சேலத்துக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் குடோனில் லோடு இறக்கிக்கொண்டிருக்கிறான். கம்பியும் தகரமுமாகக் கொட்டிய குவியலிலிருந்து ஒரு சாமான் உருண்டு வந்திருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுப் பேசினான்.

"அண்ணி, நீலப் பெயிண்டு அடிச்சிருக்குதுங்க. நீலம்னா பட்டாளத்துக்காரங்க பயிற்சிக்குப் போடற குண்டு, வெத்துன்னு அண்ணன் சொல்லுவாருங்களே? இங்க கேஸ் கட்டரப் பத்தவச்சுட்டு நிக்கறாங்க. நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அறுத்துப் போட்டுருவாங்க."

போனுக்குள் உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கட்டரின் தீ. அதைச் சுற்றி எத்தனை பேர் நின்றார்களோ. நீங்கள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். உங்கள் சாவுக்கு வந்து பாடைக்குத் தோள் கொடுத்தவன். அண்ணன் இல்லாவிட்டால் அண்ணி என்று நினைத்துவிட்டான். நான் அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்களும்தான் எனக்கு எத்தனை கதையை இழுத்து இழுத்துச் சொல்லியிருக்கிறீர்கள், இப்போது கொஞ்சம் பொறுத்திருங்கள்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் காலடி வைத்த அன்று, கண்ணாடி அலமாரியில் தஞ்சாவூர் பொம்மை இருக்கும், கல்யாணப் போட்டோ வைக்க இடமிருக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் தோட்டா! வரிசையாகத் தோட்டா, அதற்குக் கீழே வால் முளைத்த ஒரு குண்டு. அய்யோ, என்னைக் கொண்டுவந்து எங்கே தள்ளிவிட்டார்கள் என்று வாசற்படியைத் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குப் பீடி சிகரெட் இல்லை, குடி இல்லை, கெட்ட பழக்கமே இல்லை என்று தரகர் சத்தியம் செய்திருந்தார். இந்தப் பழக்கத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று அவருக்கும் தெரிந்திருக்காது.

நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். அலமாரியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். புதுப் பெண்ணுக்கு முதல் முதலாகக் கொடுத்த பொருள்! வெள்ளி போலப் பளபளத்தது. அதன் உடம்பில் நீளவாக்கில் பள்ளம் விழுந்த கோடுகள், அந்தப் பள்ளத்துக்குள் சிவப்புப் பெயிண்ட். பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் துப்பாக்கியில் போட்டு எடுத்துப் பழகுவதற்கென்றே செய்தது, உள்ளே மருந்து கிடையாது என்றீர்கள்.

"கண்ண மூடிட்டுத் தடவிப் பாரு அம்மிணி."

தடவினேன். பள்ளம் விரலில் தட்டியது.

"பள்ளம் எதுக்குன்னு தெரியுதா?"

"அழகுக்கு இருக்குமுங்க."

"அழகுக்கா! வெளிச்சமில்லாத எடத்துல செவப்புத் தெரியுமா? வெரலு பட்ட ஒடனே இது கொல்லாததுன்னு வெரலுக்குத் தெரியோணும். அதுக்குத்தான் பள்ளம். கொல்றதுக்குச் செஞ்சவனே கொல்லாம இருக்கறதுக்கும் எத்தன மெனக்கெட்டிருக்கறான் பாரு."

எனக்கு மெய் சிலிர்த்தது. உங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் அன்றைக்கே அலமாரி முழுவதையும் என் மடியில் கொட்டியிருப்பீர்கள். ஆனால் அன்று இரவு சாதம் பிசையும்போதுகூட அந்தப் பள்ளம் விரல் நுனியில் இருந்துகொண்டே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முன்பின் அறியாத யாரோ ஒருவனின் விரலை நினைத்து, உலகத்தின் ஏதோ ஒரு பட்டறையில் ஒருவன் உட்கார்ந்து அந்தக் கோட்டை இழுத்திருக்கிறானே.

கல்லூரியில் என்.சி.சி. முகாமுக்குப் போனபோது இப்படியொரு தோட்டாவைக் கையில் வாங்கியதுதான் உங்கள் பைத்தியத்துக்குப் பிள்ளையார் சுழி. அதன்பிறகு ஓய்வுபெற்று வந்த பட்டாளத்துக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். மோகனூர், ஆத்தூர், எங்கே யார் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று கல்யாணத் தரகர் மாதிரி விவரம் வைத்திருந்தீர்கள். ஆனால் காவல் நிலையத்தில் காட்டி, அவர்கள் பார்த்துச் சரியென்று சொல்லாமல் ஒரு சாமானும் நம் வாசற்படி ஏறியதில்லை. டிரைவர்களிடமும் அதே கண்டிப்பு. "போட்டோவக் கொண்டா, பொருளக் கொண்டாராத. தொடாத, தூக்காத, தட்டாத" என்று கடைக்கு வருகிறவனிடமெல்லாம் மந்திரம்போல ஓதுவீர்கள்.

எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விவரம் பிடிபட்டது. கையில் எடுத்துப் பழகும் தோட்டா ஒன்று, சுட்டுப் பழகும் குண்டு வேறொன்று. முதலாவதில் ஒன்றுமே இருக்காது. இரண்டாவதை அப்படிச் சொல்லிவிட முடியாது. "பயிற்சிக் குண்டுன்னா வெத்துன்னு நெனச்சுப்போடாத அம்மிணி. எங்க போயி உழுந்துச்சுன்னு காட்டறதுக்குப் பொகை மருந்து கொஞ்சம் வச்சிருப்பான். அந்தக் கொஞ்சமே வெரலத் தின்னுப்போடும்." பல நாட்டுப் பட்டாளங்களில் பயிற்சிக் குண்டுக்கு நீலம் அடிப்பார்கள் என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். முருகேசன் இன்று பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பாதிப் பேச்சைத்தான். மீதிப் பாதியை நீங்கள் ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் வைத்துக் கற்றுக்கொண்டீர்கள். அன்றும் ஆயுத பூசைதான்.

அந்த வருடம் எங்கள் அண்ணன் தறிப்பட்டறையில் அப்பா காலத்து விசைத்தறி ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதுத் தறி இறக்கியிருந்தார். பூசை முடித்து, நல்ல நேரத்தில் அதை ஓட்டிவிட்டால் தீபாவளிக்கு முன் பத்துப் புடவையாவது நெய்து அறுக்கலாம் என்பது அவர் கணக்கு. நம்மை முதல்நாளே வரச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கையால் சுவிட்ச் போட வேண்டுமாம்.

பழைய தறியைக் கழற்றியதால்தான் அதற்குப் பின்னால் தொங்கிய சுரைக்காய் வெளிச்சத்துக்கு வந்தது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் தளராமல் இழுத்துப் பிடிக்கப் பின்பக்கம் கயிற்றில் எடை கட்டித் தொங்கவிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். மற்ற தறிகளுக்கெல்லாம் வார்ப்பிரும்புக் கட்டி. அந்த ஒன்றுக்கு மட்டும் அப்பா சேலத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிவந்த ஒரு சாமான். அடி பருத்து, தலை ஒடுங்கி, ஒடுங்கிய பக்கம் கயிறு கட்டத் தோதாக ஒரு வளையம். நாங்கள் எல்லாரும் அதைச் சுரைக்காய் என்றுதான் சொல்லுவோம். "சுரைக்காய ஏத்திக் கட்டு", "சுரைக்காய எறக்கு" என்று பட்டறையில் பேச்சு நடக்கும். சின்ன வயதில் அதைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டி அப்பாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். அவரும் குண்டென்று பயந்து அடிக்கவில்லை, பாவு அறுந்துவிடும் என்றுதான் அடித்தார். நீங்கள் எத்தனை தடவை மாமனார் வீட்டுக்கு வந்திருப்பீர்கள்! தறிக்கும் சுவருக்கும் நடுவில் பஞ்சுத் தூசி மூடிக் கிடந்ததை எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள்.

பட்டறையைக் கழுவிவிட்டு வாழைக்கன்று கட்டியாயிற்று. தரையில் தலைவாழை இலை விரித்து, குறுக்கு நூல் ஓட்டுகிற நாடா, ஸ்பேனர், கத்தரி என்று எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். நடுநாயகமாகச் சுரைக்காய். அதற்குப் பட்டையாகச் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு சாமந்திப் பூ. இத்தனை வருடம் உழைத்த சாமானுக்குக் கடைசி மரியாதை. மேலே விட்டத்தில் கட்டியிருந்த தூளியில் அண்ணன் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் பட்டறைக்குள் நுழைந்து, இலையைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டீர்கள். உங்கள் முகம் மலர்ந்ததே, எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அந்த முகம் அப்படி மலரவில்லை. அண்ணனுக்கோ பெருமை தாங்கவில்லை.

"என்னுங்க மாப்ள, நீங்க சேக்கற சாமானாட்டவே இருக்குதுங்களா? நானும் நெனச்சேன். பூச முடிஞ்சதும் எடுத்துட்டுப் போங்க. நம்மூட்டுச் சீருன்னு வச்சுக்குங்க."

"யாரும் கை வெக்காதீங்க, தள்ளி நில்லுங்க" என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டே குந்தி உட்கார்ந்தீர்கள். தொடவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தீர்கள். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சேர்ப்பது குண்டென்று தெரிந்த அம்மா பயந்துபோய்த் தூளிப் பக்கம் நகர்ந்தார். நீங்கள் அதைக் கவனித்தீர்கள். மாமியாரைத் தேற்ற வேண்டும், அந்தச் சாமான்மேல் ஆசையும் இருக்கிறது. நிமிர்ந்து சிரித்தீர்கள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க அத்த. நீலம் அடிச்சிருக்குது பாருங்க. பயிற்சிக் குண்டுதான். மணல ரொப்பியிருப்பான்."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. அண்ணன் கற்பூரத்தைக் கையில் எடுத்தார். நான் பொரியில் வெல்லத்தைக் கலந்துகொண்டிருந்தேன். குனிந்த தலை நிமிராமல், ஏதோ ஞாபகத்தில், வாய் தானாகச் சொன்னது.

"அந்த நீலம் நான் அடிச்சதுங்க."

உங்களுக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தீர்கள். எங்கள் வீட்டு வழக்கத்தை அப்போதுதான் உங்களுக்குச் சொன்னேன். பூசைக்கு முந்தின வாரம் அப்பா லாரிப் பட்டறையில் மீந்த பெயிண்டை டப்பாவோடு வாங்கிவருவார். பட்டறையில் இரும்பாக இருக்கிற எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் நாங்கள் ஒரு பூச்சு அடிப்போம். எந்த லாரிக்கு எந்தக் கலர் மீந்ததோ அதுதான் அந்த வருடம் எங்கள் தறிக்கு. "நாங் கடைசியா அடிச்ச வருசம் நீலம் மீந்துச்சுங்க. அதுக்கு முந்தின வருசம் பச்ச. அதுக்கும் முந்தி செவப்போ என்னமோ."

ராசிபுரத்துப் பிள்ளைகள் பூசைக்கு அடித்த பெயிண்டைப் பார்த்துப் பட்டாளம் அடித்த பெயிண்ட் என்று நினைத்துவிட்டீர்கள்! வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. மெதுவாக, இலையின் ஓரம்கூட அசையாமல் எழுந்தீர்கள். அண்ணன் கையிலிருந்த கற்பூரத்தட்டை வாங்கி என்னிடம் நீட்டினீர்கள். பிறகு பேசினீர்கள். சத்தம் போடவில்லை.

"மச்சான், நாஞ் சொன்னதத் திருப்பி எடுத்துக்கறேன். இது என்னன்னு எனக்குத் தெரியாது. மொதல்ல கொழந்தையத் தூக்குங்க. யாரும் ஓட வேண்டாம். நடந்து வெளிய போங்க."

"ஏன் மாப்ள, இப்பத்தான பயமில்லன்னு சொன்னீங்க?"

"தெரியாமச் சொல்லிப்போட்டேன்."

"எங்கப்பங் காலத்துல இருந்து ஆடிட்டுக் கெடக்குதுங்க. வெடிக்கறதா இருந்தா எப்பவோ வெடிச்சிருக்காதுங்களா?"

"இத்தன நாளு வெடிக்கலைங்கறதுக்காவ இனியும் வெடிக்காதுன்னு சொல்ல முடியாதுங்க மச்சான். எனக்குத் தெரியாது."

ஏனுங்க, ஒரு மாப்பிள்ளை மாமனார் வீட்டில், பண்டிகை நாளில், பத்துப் பேர் நடுவில், சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குவது லேசான காரியமா? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தச் சாமானைச் சந்தனத்தோடு சாக்கில் கட்டி எடுத்துவந்து அலமாரியில் வைத்திருக்கலாம். யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள்தானே அங்கே விவரம் தெரிந்தவர்! அந்த விவரம் தெரிந்தவர் எல்லாரையும் பார்த்து எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். நான் கற்பூரத்தட்டோடு வாசலுக்கு நடந்தேன்.

அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். சத்தமில்லாமல் எடுத்துப்போய் ஏரியில் போட்டுவிடலாம், நல்ல நாளும் அதுவுமாகப் போலீசு வேண்டாம் என்றார். அதை யாரும் தூக்கக் கூடாது என்று வாசலில் நின்றபடியே ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டீர்கள். அதன்பிறகு நடந்த கூத்தை நீங்களே நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். தெருவையே காலி செய்து எல்லாரையும் மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். மடியில் பொரி, கையில் குழந்தை, வெயிலோ கொளுத்துகிறது. ஆயுத பூசைக்குத் தறியை நிறுத்துவார்கள், இவர் தெருவையே நிறுத்திப்போட்டார் என்று எதிர்வீட்டு அக்கா உங்கள் காதில் விழும்படியே சொன்னாள். புதுத் தறிக்குக் குறித்த நல்ல நேரம் எல்லார் கண்ணெதிரிலும் கழிந்துபோனது. அண்ணன் என்னிடம்தான் வந்து எகிறினார்.

"என்ற ஊட்டுக்குப் போலீசக் கூட்டியாந்துட்டாரு உன்ற புருசன். இனி இந்தத் தெருவுல நா எப்படித் தல நிமிந்து நடப்பேன்? நீயாச்சும் அந்தப் பெயிண்டுக் கதையச் சொல்லாம இருந்திருக்கலாமல்ல?"

எனக்கும் அதே எண்ணம் வந்துவிட்டுப் போனது, மறைப்பானேன். ஆனால் கோயில் வாசலில் அண்ணன் பேத்தி என் மடியில்தான் கிடந்தது. தூக்கம் கலைந்து கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, பொரியை ஒவ்வொன்றாக எடுத்து என் வாயில் திணித்தது. அந்தத் தூளி தொங்கிய இடமும் சுரைக்காய் தொங்கிய இடமும் எத்தனை கிட்டக் கிட்ட! அந்தத் தூளியில்தானே நானும் கிடந்தேன், அண்ணனும் கிடந்தார். தறி ஓடினால் தரையே அதிரும். அந்த அதிர்வில் நாள் முழுக்க எங்கள் தலைமாட்டில் அது ஆடிக்கொண்டிருந்தது, நாங்கள் தாலாட்டில் தூங்குவது மாதிரித் தூங்கியிருக்கிறோம். உள்ளே என்ன இருந்தது என்று அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நாங்கள் பிழைத்தோம் என்று சொல்வதா, ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வதா? எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

சேலத்திலிருந்து வெடிகுண்டு நிபுணர்கள் வந்து, மணல் மூட்டை அடுக்கிய வண்டியில் சுரைக்காயை ஏற்றிக் கைவிட்ட கல்குவாரிக்குக் கொண்டுபோனார்கள். சந்தனம் குங்குமத்தோடுதான் போனது. பொழுது சாயும் நேரத்தில் அவர்களில் மூத்தவர் திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னார்.

"பயப்படாதீங்க. உள்ள மணல்தான். பயிற்சிக் குண்டு."

சுரண்டிப் பார்த்தார்களாம். நீலத்துக்கு அடியில் பச்சை, அதற்கடியில் சிவப்பு, அதற்கடியில் வெள்ளி நிறம். கடைசியில் வெறும் துரு. பட்டாளம் அடித்த பெயிண்ட் ஒரு பொட்டுகூட மிஞ்சவில்லை. அண்ணனுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

"அப்ப மொதல்ல நீங்க சொன்னதே செரிதானுங்களே மாப்ள! மணலுன்னு புட்டுப் புட்டு வச்சீங்களே! அப்பறம் எதுக்குங்க இந்தக் கூத்து?"

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து ராசிபுரத்தில் உங்களுக்கு "தெரியாது மாப்ள" என்று பெயர். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் உங்கள் சிரிப்பு நின்றுபோனது. ஆண்டகளூர் கேட் நிறுத்தம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். சரி, மானம் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்.

"நாஞ் சொன்னது செரியாப் போச்சு அம்மிணி. அதுதான் பயமா இருக்குது."

"செரியாப் போனதுக்கு என்னங்க பயம்?"

"தெரிஞ்சு சொல்லலியே. உன்ற பெயிண்டப் பாத்துச் சொன்னேன். ஆசப்பட்டுச் சொன்னேன். தப்பாப் போயிருந்தா புத்தி வந்திருக்கும். செரியாப் போனதுனால, அடுத்த தடவையும் இப்படியே சொல்லச் சொல்லுமே மனசு."

எனக்கு அன்று அது முழுசாகப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்ததும் நீங்கள் செய்ததைப் பார்த்துத்தான் பிடிபட்டது. அலமாரியில் இருந்தவற்றை வெளியிலிருந்தே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, இது எதனால் வெத்து என்று நம்பினேன் என்று உங்களையே கேட்டுக்கொண்டீர்கள். ஒன்றிரண்டை நிறத்தை மட்டும் பார்த்து நம்பியிருக்கிறோம் என்று தோன்றியதும் ஸ்டேஷனுக்குச் சொல்லி வந்து எடுத்துப்போகச் சொல்லிவிட்டீர்கள். ஸ்டேஷனில் முன்பு சரியென்று சொன்ன சாமான்கள்தானே என்றேன். அவங்களும் என்னக் கேட்டுத்தான் செரின்னாங்க அம்மிணி என்றீர்கள். அதில் வால் முளைத்த குண்டும் ஒன்று. உங்கள் உயிர் அது. அந்த இடம் அலமாரியில் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளையார் வைக்கலாம் என்று கேட்டதற்குக்கூட நீங்கள் விடவில்லை.

குவாரியிலிருந்து வந்த அந்தப் பெரியவரிடம் சுரைக்காய்க்குள் இருந்த மணலில் ஒரு பிடி கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்து வந்திருந்தீர்கள். அதைப் போட்டுவைக்க என் குங்குமச் சிமிழைப் பிடுங்கிக்கொண்டீர்கள். அடிக்கடி திறந்து பார்ப்பீர்கள். சலித்து எடுத்த மணல், ஒரு கல் கிடையாது, தூசி கிடையாது. "நெசக் குண்டு எப்படி உழுமோ அதே மாதிரி இதுவும் உழோணும்னு எடை பாத்து ரொப்பியிருக்கறான். எந்த ஆத்து மணலோ, எவன் சலிச்சானோ" என்று கண் அகலச் சொல்வீர்கள். எனக்கு வேறொன்று தோன்றும். என்னைப் பெண் பார்க்க நீங்கள் வந்த அன்று நான் உடுத்திக்கொண்டு காபி கொடுத்தது அந்தத் தறியில் அறுத்த புடவை. அந்த மணல் இழுத்துப் பிடித்த பாவில் நெய்தது. எங்கேயோ வானத்திலிருந்து விழுவதற்கென்று அளந்து போட்ட மணல், விழாமல், எங்கள் பட்டறைச் சுவரோரம் தொங்கி, என் புடவையின் நூலைத் தளராமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இதை உங்களிடம் சொன்ன அன்று நீங்கள் சிமிழைத் திறந்து மணலை மறுபடியும் விரலால் கிளறிப் பார்த்தீர்கள். "இது எனக்குத் தோணலியே அம்மிணி" என்றீர்கள். நான் ஜெயித்த ஒரே நாள் அது.

ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்த அன்று டாக்டரை வராந்தாவில் மறித்துக்கொண்டு பிழைத்துவிடுவாரா, மாட்டாரா என்று கேட்டேன். இப்போது சொல்லத் தெரியவில்லை அம்மா என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உள்ளே வந்து உங்கள் கட்டிலோரம் உட்கார்ந்து, படித்த டாக்டருக்குத் தெரியாதாம், இவரெல்லாம் என்ன டாக்டர் என்று பொருமினேன். மூக்கில் குழாயோடு நீங்கள் சிரித்தீர்கள்.

"நல்ல டாக்டரு அம்மிணி. தெரியாதுன்னு சொல்றாரு பாரு."

அதுதான் நீங்கள் என்னிடம் முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு. வேறெதையாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனை நாள் அழுதேன் தெரியுமா? பத்திரமாக இரு, வேளைக்குச் சாப்பிடு, இப்படி எல்லாப் புருசனும் சொல்கிற மாதிரி ஏதாவது. இன்று காலைவரை அந்தக் குறை எனக்கு இருந்தது.

முருகேசன் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்களோடு குடித்தனம் நடத்திய கண்ணல்லவா, கண்டபடி ஓடியது. பருத்த அடி, ஒடுங்கிய வால், நல்ல நீலம். பயிற்சிக் குண்டுதான், சந்தேகமே இல்லை என்று உள்ளே ஒருத்தி அடித்துச் சொன்னாள். முருகேசன் நம்பிக் கேட்கிறான். எனக்குத் தெரியும் என்று ஒரு ஆள் நம்புகிறான். அந்தப் பெருமை இருக்கிறதே, இந்த வயதிலும் அது தித்திக்கத்தான் செய்கிறது. ஆமா என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது ஜன்னல் வழியாக ஒரு வீச்சு எனாமல் வாடை வந்தது. எந்த ஊர்ப் பிள்ளை எந்தப் பூசைக்கு அடித்த நீலமோ.

"தெரியாது சாமி" என்றேன். "கட்டர அணைக்கச் சொல்லு. யாரும் அதத் தொட வேண்டாம், நவுத்த வேண்டாம். எல்லாரையும் கூட்டிட்டு எட்டப் போயி நின்னுட்டுப் போலீசுக்குப் போன் போடு."

"என்னுங்க அண்ணி, இத்தன வருசம் அண்ணங்கூட இருந்துட்டுத் தெரியாதுங்கறீங்க?"

"கூட இருந்ததுனாலதான் சாமி சொல்றேன். எனக்குத் தெரியாது. மொதல்ல அணைக்கச் சொல்லு."

அவன் யாரிடமோ கத்தினான். முதலாளி போலிருக்கிறது, ஒருவர் எரிந்து விழுந்தார். முருகேசனும் விடவில்லை, அண்ணி தெரியாதுன்னுட்டாங்க, தெரியாதுன்னுட்டாங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த உஸ்ஸென்ற சத்தம் நின்றது.

அலமாரிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். சிமிழை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பூசைக்கு நாள் இருந்தாலும் பரவாயில்லை என்று அதற்கு ஒரு பொட்டு வைத்தேன். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, தெரியாது மாப்ள பொண்டாட்டி வேற எப்படி இருப்பா என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று போனைக் கீழே வைத்துவிட்டார்.

மத்தியானம் முருகேசன் திரும்பவும் பேசினான். போலீஸ் வந்து, சேலத்து நிபுணர்கள் வந்து, எடுத்துப் போய்விட்டார்களாம். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் சொல்லவில்லையாம். தெரிந்தால் சொல்கிறேன் அண்ணி என்றான். தெரியாவிட்டாலும் பரவாயில்லை சாமி, அந்தக் கட்டர்க்காரங்கல்லாம் எங்கே என்று கேட்டேன்.

எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிறார்களாம்.